ஏர்கன்னுக்கு லைசென்ஸ்: குமரி மலையடிவாரத்தில் ஒரு மனு, இரண்டு பதில்கள்

திருவட்டாறு தாலுகாவில் ரப்பரும் வாழையும் மரச்சீனியுமாகக் கிடக்கிற ஒரு ஊர். வழக்கு இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அந்த ஊர்க் குளத்தங்கரையில் ஒரு சாயங்காலம், பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த பையன் ஒருவன் கொக்கைக் குறிபார்த்து, காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கியான ஏர்கன்னால் சுட்டான். ரவை கொக்கின் மேல் படவில்லை. தண்ணீர்ப் பரப்பில் தட்டித் தெறித்து, எதிர்ப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவின் கெண்டைக்காலில் ஏறியது. ஏதோ பூச்சி கடித்ததாக நினைத்து அவர் காலை உதறியிருக்கிறார். ரத்தம் வந்த பிறகுதான் கூச்சல். ஆஸ்பத்திரியில் எடுத்தபோது வந்தது இடுப்பு ஒடுங்கிய, பின்பக்கம் குழிவான ஒரு ஈயத் துண்டு. தண்ணீரில் தட்டிய பக்கம் நசுங்கியிருந்தது. அரை கிராம் தேறும்.

ஊரில் புகைச்சல் அதற்கு முன்பே இருந்தது. ஏலாவில், அதாவது வயல்வெளியில், மடையான் கொக்குகள் செத்துக் கிடப்பதும், காலையில் பால்வெட்டப் போகிறவர்கள் தோட்டத்துக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு நின்றுவிடுவதும் ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. படித்துறைச் சம்பவத்துக்குப் பிறகு வாசகசாலைப் பையன்களும் இரண்டு ஆசிரியர்களும் பறவை பார்க்கிற ஒரு சிறு கூட்டமும் சேர்ந்து கையெழுத்து வாங்கினார்கள். கோயில், சர்ச், ரேஷன் கடை வாசல் என்று எங்கும் தாள் நீட்டப்பட்டது. கோரிக்கை ஒற்றை வரிதான்: எல்லா ஏர்கன்னுக்கும் ஆயுத உரிமம் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒரு திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில், குறைதீர் நாளில் மனு கொடுக்கப்பட்டது. அதன் போட்டோ அன்று மாலையே எல்லோருடைய போனிலும் இருந்தது.

அடுத்த வாரம் ஏர்கன் வைத்திருப்பவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். நான் பத்மநாபபுரத்தில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, பறவை பார்க்கிற பழக்கமும் இல்லை. எதிர்மனு எழுதிக் கொடுப்பதுதான் எனக்கு வந்த வேலை. அது எப்படி இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று என்பதுதான் இந்த ஆய்வு.

வந்தவர்கள் யார் யார்

வெளியிலிருந்து பார்த்தால் 'ஏர்கன் பார்ட்டி' என்று ஒரே கட்சியாகத் தெரியும். உள்ளே குறைந்தது நாலு ரகம்.

முதலாவது விவசாயிகள். மட்டி வாழை, ஏத்தன், ரம்புட்டான் வைத்திருப்பவர்கள். குரங்குக்கும் வவ்வாலுக்கும் பயந்து வாங்கியவர்கள். இவர்களுக்குத் துப்பாக்கியில் ஆசை ஒன்றும் இல்லை. சத்தம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஏர்கன்னின் சத்தம் குரங்கை நாலு நாள் விரட்டும், ஐந்தாம் நாள் அது கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அப்புறம்தான் கையில் இருக்கிறவனுக்கு மேலே குறிவைக்கத் தோன்றுகிறது. காட்டுப்பன்னிக்கு இந்த ரவை ஒரு பொருட்டே அல்ல. அடிபட்ட பன்னி ஆளை முட்டத்தான் வரும்.

இரண்டாவது இலக்குச் சுடுகிற பையன்கள். வீட்டுப் பின்கட்டில் அட்டை தொங்கவிட்டு 10 மீட்டரில் சுடுகிறவர்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது எந்தப் போட்டியில் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பெயர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் வரும். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதைத் தொட மூச்சைப் பிடித்து நிற்கிறவனுக்கும் குளத்தங்கரையில் கொக்கைச் சுடுகிறவனுக்கும் ஒரே பெயர் வைப்பது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். அதில் எனக்கும் மறுப்பில்லை.

மூன்றாவது ரகம் வாய் திறக்காது. ராத்திரி டார்ச்சோடு போகிறவர்கள். கூட்டத்தில் பின்வரிசையில் நின்று, 'ஆமா, ஆமா' என்று மட்டும் சொன்னவர்கள்.

நாலாவது ஆள் கூட்டத்துக்கே வரவில்லை. மண்டைக்காட்டுக் கொடைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் பலூன் சுடும் கடை போடுகிறவர். ஒரு தட்டி, வரிசையாகப் பலூன், காற்று இளகிப்போன இரண்டு மூன்று பழைய ஏர்கன். அவர் பிழைப்பு அதுதான். மனு கொடுத்தவர்களுக்கும் அவர் நினைவுக்கு வரவில்லை, எதிர்மனு கொடுக்க வந்தவர்களுக்கும் வரவில்லை. 'எல்லா ஏர்கன்னுக்கும்' என்று எழுதினால் அதில் அவருடைய கடையும் அடங்கும் என்று சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முதல் பதில்

அவர்கள் கையோடு எழுதிக் கொண்டுவந்த எதிர்மனு இரண்டு பக்கம். சாரம் மூன்று: இது விளையாட்டுச் சாமான், சட்டமே லைசென்ஸ் வேண்டாம் என்கிறது, ஒருத்தன் செய்த தப்புக்கு ஊரையே தண்டிக்கக் கூடாது. கடைசியில், மனு கொடுத்தவர்களில் சிலர் சாராயம் குடித்துவிட்டு பைக் ஓட்டுகிறவர்கள் என்று ஒரு பாராவும் இருந்தது. அதை முதலில் வெட்டினேன்.

"சாரே, இது களிக்கிற சாமானாக்கும். சைக்கிள் பம்புல வாற காத்துதான் இதுல வாறது," என்றார் பெரியவர் ஒருவர்.

"அண்ணாச்சி, அந்தக் காத்து அக்காவுக்க கால்ல போயிருக்கே," என்றேன்.

"அது தெறிச்சுப் போனதில்லியா சாரே. நேரா சுட்டா அப்படி ஆவாது."

நேராகச் சுட்டால் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். 4.5 மி.மீ. ஈய ரவை மனிதத் தோலைத் துளைக்க விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் போதும். கண்ணுக்கு அவ்வளவு கூட வேண்டாம். கடையில் விற்கிற சாதாரண ஸ்பிரிங் ஏர்கன்னே அதைத் தாண்டிவிடும். விளையாட்டுச் சாமான் என்று எழுதி அனுப்பினால், எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைப்பார்கள், கதை முடிந்துவிடும்.

இரண்டாவது வாதம் இன்னும் வம்பானது. 'ஏர்கன் துப்பாக்கியே கிடையாது, அதனால்தான் லைசென்ஸ் இல்லை' என்று நாட்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தைப் புரட்டினால், வெடிமருந்தாலோ வேறு வகைச் சக்தியாலோ குண்டை எறிகிற எல்லாமே அதில் துப்பாக்கிதான். அடைத்த காற்றும் சக்திதான். ஆக, ஏர்கன் சட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே நிற்கவைத்து, மத்திய அரசு அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. விலக்கு என்பது உரிமை அல்ல, கொடுத்த கை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுக்கச் சொல்லிப் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் என்ற விலங்கு நல அமைப்பு தில்லி உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடியதும் உண்டு. அதற்கெல்லாம் பிறகுதான் 2016 ஆயுத விதிகள் வந்து தெளிவாகக் கோடு போட்டன: குழல் விட்டம் 4.5 மி.மீ. தாண்டினாலோ, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் (சக்தியை அளக்கிற அலகு) என்ற அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். இரண்டுக்கும் உள்ளே நின்றால் வேண்டாம்.

"அப்ப நம்ம எல்லாரும் உள்ளதான் நிக்கோம்," என்றான் பையன்களில் ஒருவன்.

சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்றேன்.

அளந்து பார்த்தபோது

அந்தப் பையனிடமே குரோனோகிராஃப் இருந்தது. குண்டு கடந்து போகும் வேகத்தைக் காட்டுகிற சின்னக் கருவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுப் பின்கட்டில், மண்மூட்டை அடுக்கிய சுவருக்கு முன்னால் வைத்தார்கள். நகைக்கடைத் தராசு ஒன்றும் வந்தது. கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எடையைக் கிலோவாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் ஜூல்.

முதலில் வந்தது ஒரு பழைய துப்பாக்கி. 0.54 கிராம் ரவை, விநாடிக்கு 160 மீட்டர். ஏழு ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. உலகப் போட்டிகளில் பயன்படுகிற ரைபிள்களும் ஏறக்குறைய இந்த அளவில்தான் சுடுகின்றன. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அடுத்து வந்த இரண்டு மூன்றும் கோட்டுக்குள் நின்றன.

அப்புறம் ஒருவருடைய புதுத் துப்பாக்கி. பெட்டியில் 'விநாடிக்கு 1000 அடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெட்டியில் போடுகிற வேகம் பெரும்பாலும் லேசான ரவைக்கானது. 0.4 கிராம் ரவை அந்த வேகத்தில் போனால் 18.6 ஜூல், கோட்டுக்குள்தான். அதே வேகத்தில் 0.54 கிராம் போனால் 25 ஜூலுக்கு மேல் போகும். ஆனால் கனத்த ரவை அவ்வளவு வேகம் போகாது. இந்தத் துப்பாக்கிக்கு வெளியிலிருந்து வாங்கிய ஸ்பிரிங் ஒன்றைப் போட்டிருந்தார்கள். 0.54 கிராம் ரவை 282 மீட்டர் காட்டியது. பையன் போனில் கணக்குப் போட்டான், திரும்பவும் போட்டான். 21.5.

"ஒண்ணரைதானே கூட," என்றார் உடையவர்.

ஒன்றரைதான். ஆனால் அந்த ஒன்றரையில் அவர் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஆகிவிடுகிறது. வாங்கும்போது சட்டத்துக்கு உள்ளே இருந்ததை 'ஸ்பிரிங் மாத்தி' வெளியே கொண்டுவந்தது அவரேதான். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அன்றைக்கு எல்லாவற்றையும்விட என்னைச் சங்கடப்படுத்தியது வேறொரு ஐயா. ஓய்வுபெற்றவர். துணியில் சுற்றி எடுத்துவந்தார். எண்ணெய் போட்டுப் போட்டுத் தேய்த்த மரக்கட்டை பளபளவென்று இருந்தது. 5.5 மி.மீ. குழல். அதைக் குரோனோகிராஃபில் வைக்கவே தேவையில்லை. வாங்கிய காலத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 2016-ல் விதி மாறியதை அவர் அறியவில்லை. வீடு தேடி வந்து யாரும் சொல்லவும் இல்லை. இப்படிப்பட்ட துப்பாக்கிகள் பரண்களில் எத்தனையோ கிடக்கும். வைத்திருப்பது சட்டப்படி இல்லாமல் போன ஆயுதத்தை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஐயா டீலரைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டேஷன் படியேறிப் பழக்கமில்லை என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு 'நாங்க எல்லாரும் சட்டப்படிதான்' என்ற வரியையும் எதிர்மனுவிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் இருந்தது மூன்றாவது வாதம் மட்டும்.

யாரும் புரட்டாத பிரிவு

மனு கொடுத்தவர்கள் ஆயுதச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்த்தவர்களும் அதே சட்டத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். குமரி மாவட்டத்தில் இந்த விஷயத்தில் உண்மையிலேயே கடிக்கிற சட்டம் அது இல்லை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

கொக்கைச் சுட்டது 9-ஆம் பிரிவில் குற்றம். எதனால் சுட்டாலும் குற்றம். பிராணியைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடிய எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். கண்ணி, வலை, விஷம் எல்லாம் அதில் சேரும். ஏர்கன்னுக்கு லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. ரவை கொக்கின் மேல் படவில்லை என்பதும் பையனைக் காப்பாற்றாது. வேட்டைக்கு முயன்றதும் வேட்டைதான். மயிலாக இருந்திருந்தால் மிக அதிகப் பாதுகாப்புத் தருகிற முதல் அட்டவணை, குறைந்தது 3 வருஷம் சிறை.

விவசாயிகளுக்கு இதில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. காக்கா, எலி, பழந்தின்னி வவ்வால் ஆகியவற்றைச் சுட்டால் ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அது சரி. அவற்றைத் தனி அட்டவணையில் வைத்துச் சட்டம் கைவிட்டிருந்தது. 2022-ல் கொண்டுவந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. ரம்புட்டான் தோட்டத்துக்காரர் ஒருவர், "அப்ப வவ்வால் தின்னுட்டுப் போவட்டும்னு விட்டிரணுமா சாரே?" என்று கேட்டார். வலை போடுங்கள் என்றேன். வலைக்கு என்ன விலை தெரியுமா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதையெல்லாம்விட முக்கியம் 34-ஆம் பிரிவு. ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுதம் வைத்திருப்பவர்கள் 3 மாதத்துக்குள் வனத்துறையிடம் பெயர் பதிய வேண்டும். யார்? ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமல்ல, அந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று ஆயுதம் வைத்திருப்பவர்களும்தான். பின்னால் சொன்ன அந்தக் கூட்டத்தில் நம்முடைய ஏர்கன்காரர்கள் அழகாகப் பொருந்துகிறார்கள். கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. பேச்சிப்பாறை, கடையாலுமூடு, குலசேகரம், பூதப்பாண்டி என்று மலையடிவார ஊர்கள் அந்த 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழுந்துவிடும். சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பக்கத்துக் கதை வேறு. அந்த நீர்நிலைகள் சரணாலயம் அல்ல, 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற வேறு வகைப் பாதுகாப்புப் பகுதி. 34-ஆம் பிரிவு சரணாலயத்தை மட்டும்தான் சொல்கிறது. 2022-ல் சுசீந்திரம் தேரூருக்கும் வேம்பனூருக்கும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது பெருமைதான், ஆனால் அதனால் இந்தப் பிரிவு அங்கே பொருந்திவிடாது.

34-ல் ஒரு ஓட்டையும் இருக்கிறது. 'அறிவித்த 3 மாதத்துக்குள்' என்று இருப்பதால், பல வருஷம் கழித்து ஏர்கன் வாங்கியவரைப் பற்றி அதன் வாசகம் வெளிப்படையாக ஒன்றும் பேசவில்லை. பையன்களில் ஒருவன் அந்த ஓட்டையை நான் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரன்.

ஆனால் அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவை வாசித்துக் காட்டியபோது அவனும் அமைதியாகிவிட்டான். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புது ஆயுத லைசென்ஸ் கொடுக்கக் கூடாது. அதாவது, நாளைக்கே ஏர்கன்னுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று வந்தால், சரணாலயம் பக்கத்தில் இல்லாத ஊரில் இருக்கிறவன் கலெக்டரிடம் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடித்து, பயிற்சிச் சான்று காட்டி வாங்கிவிடலாம். குலசேகரத்துக்காரன் அதையெல்லாம் செய்துவிட்டுச் சென்னையில் இருக்கும் வனத்துறைத் தலைமையின் இசைவுக்கும் காத்திருக்க வேண்டும். மலையடிவாரத்தில் லைசென்ஸ் என்பது பெயருக்குத்தான் லைசென்ஸ், நடைமுறையில் தடை. அதோடு 21 வயது நிபந்தனை (பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு), 2019 திருத்தப்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற வரம்பு, 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பித்தல், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. பலூன் கடைக்காரர் கதை என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இங்கேதான் என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்ல இருந்தது ஒன்று: பதிவு வேறு, உரிமம் வேறு. பதிவு என்றால் 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்வது. உரிமம் என்றால் 'வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்பது. இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்த்தால், லைசென்ஸை எதிர்க்கத் தேவையான நம்பிக்கை ஊரில் யாருக்கும் நம்மேல் இருக்காது. பதிவை நாமே முன்வந்து கொடுத்தால்தான் உரிமம் ஏன் கூடாது என்று பேச வாய் இருக்கும்.

இரண்டாவது பதில்

இதற்குச் சண்டை நடந்தது. என் ஆபீஸ் திண்ணையில், நன்றாகவே நடந்தது.

"லிஸ்ட் குடுத்தா நாளைக்கு ஆளுவ வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போவானுவ," என்றான் ஒருவன். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. எதிர்த்தரப்பு மனுவிலேயே அருணாசலப் பிரதேசம் எடுத்துக்காட்டாக இருந்தது. அங்கே 2021 மார்ச்சில் அரசே ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கி, 2,000-க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. ஆனால் அங்கே நடந்தது லைசென்ஸ் அல்ல, பட்டியலை வைத்துப் பறித்ததும் அல்ல. வேட்டை பழக்கமாக இருந்த ஊர்களில் ஆட்களிடம் பேசி, அவர்களாகவே கொண்டுவந்து வைக்கச் செய்தார்கள். அதை லைசென்ஸ் கோரிக்கைக்கு ஆதாரமாகக் காட்டியது மனுக்காரர்களின் அவசரம். அவர்கள் காட்டியிருக்க வேண்டியது ஸ்காட்லாந்தை. 2005-ல் கிளாஸ்கோவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஏர்கன் குண்டுக்குப் பலியானது. பத்து வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2015-ல் சட்டம் வந்தது, 2016 டிசம்பர் 31 முதல் ஏர்கன் வைத்திருக்கச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் அரசு ஒரு அவகாசம் கொடுத்தபோது 11,000-க்கும் மேல் ஒப்படைக்கப்பட்டன. பக்கத்தில் இருக்கிற இங்கிலாந்தில் இன்றும் சுமார் 16 ஜூல் வரை ஏர் ரைபிளுக்குச் சான்றிதழ் தேவையில்லை. எதிர்த்தரப்பின் கேஸை நானே பலப்படுத்துகிறேன் என்று என்னைத் திட்டினார்கள். எதிரியின் நல்ல வாதத்தைக் கோர்ட்டில் முதல்முறையாகக் கேட்பதைவிடத் திண்ணையில் கேட்பது நல்லது.

கடைசியில் எழுதியது ஒரு பக்கம். கொக்குச் சம்பவத்தைக் கண்டிப்பதில் தொடங்கியது. அவர்கள் முதலில் எழுதிய எதிர்மனுவில் அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை என்பதை அவர்களில் ஒருவரின் மனைவிதான் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு, ஊரில் ஏர்கன் வைத்திருப்பவர்கள் பெயர், துப்பாக்கியின் தயாரிப்பு எண், குழல் விட்டம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, நகல் ஸ்டேஷனுக்கும் வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்கும் தரப்படும் என்று இருந்தது. குளம், ஏலா, ஆற்றங்கரை எதிலும் சுடுவதில்லை, இலக்குக்குப் பின்னால் மண்சுவர் இல்லாமல் சுடுவதில்லை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொடுப்பதில்லை, ஸ்பிரிங் மாற்றுவதில்லை. இப்படிச் சில உறுதிகள். பூட்டி வைப்பது பற்றி ஒரு வரி.

லைசென்ஸ் பற்றி ஒரே பாரா. ஆயுதச் சட்டம் மத்தியச் சட்டம், 2016 விதிகளை மாற்ற மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இல்லை. 34(3) பிரிவால் குமரி மலையடிவாரத்தில் உரிமம் என்பது தடையாகவே முடியும். அது விளையாட்டுப் பயிற்சியையும் திருவிழாக் கடைகளையும் மூடிவிடும், ராத்திரி வேட்டைக்காரனை மூடாது, ஏனென்றால் அவன் நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் கேட்டவன் அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசித்தபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்து பீடி பற்றவைக்க வெளியே போனார்.

அதன் பிறகு

இரண்டு மனுவும் வழக்கம்போலக் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் போயின. ஸ்டேஷனில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். விதியை மாற்றுவது எங்கள் கையில் இல்லை என்ற பதில்தான் மனுக்காரர்களுக்குக் கிடைத்தது. அது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. பையன் மேல் கவனக்குறைவாக நடந்து காயம் ஏற்படுத்தியதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவில் வழக்கு. வனத்துறை தனியாக விசாரிக்கிறது. ஏர்கன் நீதிமன்றத்தில் இருக்கிறது. அக்கா நடக்கிறார், குளத்துக்குப் போவதில்லை.

நோட்டில் பெரும்பாலானவர்கள் எழுதினார்கள். இலக்குச் சுடும் பையன்கள் முதலில், விவசாயிகள் யோசித்து யோசித்து. சிலர் எழுதவில்லை. அவர்கள் யார் என்பது இப்போது ஊருக்குத் தெரியும். நோட்டின் பயனே அதில்தான் என்று ரேஞ்ச் ஆபீசில் ஒருவர் சிரித்தார். தோட்டக்காரர்களின் பிரச்சினை அப்படியே நிற்கிறது. காட்டுப்பன்னி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் கொண்டுபோய் விடுவது, அதற்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம். காட்டை ஒட்டியே விளை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது குறைவு. குரங்குக்கு அதுவும் இல்லை.

மனுக்காரர்கள் லைசென்ஸ் கோரிக்கையை விடவில்லை. மத்திய உள்துறைக்கு அனுப்புவதற்காக அதைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். மரியாதைக்கு ஒரு நகல் எங்களுக்கும் வந்தது. இந்த முறை 'எல்லா ஏர்கன்னுக்கும்' என்று இல்லை. 10 ஜூலுக்கு மேல் உள்ளவற்றுக்கு லைசென்ஸ், அதற்குக் கீழே உள்ளவற்றுக்குப் பதிவு என்று பிரித்திருக்கிறார்கள். திருவிழா பலூன் கடைகளுக்கு விலக்கு வேண்டும் என்றும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. 10 ஜூல் என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை நோட்டுக்காரப் பையன்களில் ஒருவன்தான் கொடுத்தானாம்.